பூச்சி பறக்குது, மீன் எழும்புது, ஏன் கடிக்கலை? ஃப்ளை ஃபிஷிங் தொடங்குபவர்களுக்கு ஒரு பூச்சிப் பாடம்

ஏப்ரல் கடைசி வாரம், பிற்பகல் மூன்று மணி. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில் ஓடும் பீவர்கில் ஆறு. சாம்பல் நிறச் சிறகோடு பூச்சிகள் தண்ணீரில் மிதந்து வருகின்றன. அங்கங்கே ட்ரவுட் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. புதிதாக வந்தவர் பெட்டியில் இருக்கிற ஃப்ளைகளை, அதாவது தூண்டில் முள்ளில் கட்டிய போலிப் பூச்சிகளை, ஒன்று மாற்றி ஒன்று கட்டி வீசுகிறார். ஒரு மீன்கூடச் சீந்தவில்லை. கொஞ்சம் தள்ளி நிற்கிற பெரியவர் ஒரே ஃப்ளையை வைத்துக்கொண்டு அடுத்தடுத்துப் பிடித்து விட்டுக்கொண்டிருக்கிறார். நியூ ஜெர்சியிலிருந்து இரண்டரை மணி நேரம் காரோட்டி வந்து இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நம் ஆட்கள் நிறையப் பேர்.

கடைக்குப் போய் இன்னும் இருபது ஃப்ளை வாங்குவதுதான் பலரும் அடுத்துச் செய்வது. அது தேவையில்லை. என்ன பூச்சி என்பதைவிட, அந்தப் பூச்சி தன் வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் இருக்கும்போது மீன் அதைத் தின்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். லத்தீன் பெயர்கள் மெதுவாக வரட்டும்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது கேட்ஸ்கில் ஆறுகள்: ராஸ்கோ என்ற சிற்றூரில் வந்து சேரும் பீவர்கில், வில்லோவீமாக் இரண்டும், அங்கிருந்து கொஞ்சம் மேற்கே டெலவேர் ஆற்றின் இரு கிளைகளும். அமெரிக்காவில் ட்ரை ஃப்ளை எனப்படும் மிதக்கும் போலிப் பூச்சியை வைத்து மீன் பிடிக்கும் கலை வளர்ந்த இடம் இது. நீங்கள் பென்சில்வேனியாவிலோ மிச்சிகனிலோ இருந்தாலும் தேதிகள்தான் கொஞ்சம் மாறும். பார்க்கும் முறை அதேதான்.

ஹேட்ச் என்றால் என்ன நடக்கிறது

ஆற்றடியில் கல்லுக்கு அடியிலும் மண்ணிலும் ஏறக்குறைய ஓராண்டு வாழ்ந்த பூச்சிகள், ஒரே இனமாக, சில நாட்களுக்குள், பெரும்பாலும் ஒரே மணி நேரத்தில் மேலே வந்து தோலுரித்துச் சிறகு விரிக்கும். நம் ஊரில் மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புமே, கோழியும் காக்கையும் பல்லியும் மற்ற வேலையை விட்டுவிட்டு அதையே கொத்துமே, ஏறக்குறைய அந்தக் கதைதான்.

ட்ரவுட் ஓடும் தண்ணீரில் ஓரிடத்தில் நின்றுகொண்டு, நீரோட்டம் கொண்டுவருவதைத் தின்னும் மீன். அதிகம் அலைந்தால் தின்றதைவிடச் செலவான சக்தி கூடிவிடும். ஒரே மாதிரித் தீனி ஆயிரக்கணக்கில் வரும்போது அந்த ஒன்றுக்கு மட்டும் வாயைத் திறக்கும். நிறமோ வடிவமோ மாறியிருந்தால் விட்டுவிடும். நாம் கட்டியிருக்கும் ஃப்ளை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

நாலு குடும்பம் போதும்

தண்ணீர்ப் பூச்சிகளில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. கரையில் நிற்கிற நமக்கு நாலு குடும்பம் அடையாளம் தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

மேஃப்ளை: உட்காரும்போது சிறகு இரண்டும் சேர்ந்து செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். பின்னால் இரண்டு அல்லது மூன்று நீண்ட வால். வளர்ந்த மேஃப்ளைக்குத் தின்னும் வாயே கிடையாது. பெரும்பாலானவை ஓரிரு நாளில் இனப்பெருக்கம் முடித்துச் செத்துவிடும்.

காடிஸ்: அந்துப்பூச்சிக்கு நெருங்கிய சொந்தம், பார்ப்பதற்கும் அப்படியே. சிறகு முதுகின் மேல் இருபுறமும் சரிவாக மடிந்திருக்கும். வால் இல்லை. கரைச் செடியை ஆட்டினால் கிளம்பித் தாறுமாறாகப் பறக்கிற கூட்டம் பெரும்பாலும் இதுதான்.

ஸ்டோன்ஃப்ளை: சிறகு முதுகோடு தட்டையாக ஒட்டியிருக்கும், இரண்டு வால். இது தண்ணீரில் மிதந்து சிறகு விரிப்பதில்லை. கரைப் பாறைக்கு ஊர்ந்து வந்து அங்கே தோலுரிக்கும். பாறை மேல் காய்ந்த வெற்றுத் தோல்கள் ஒட்டியிருந்தால் இரவிலோ விடியலிலோ இவை வெளியேறியிருக்கின்றன என்று பொருள்.

மிட்ஜ்: கொசு வடிவில், கடிக்காத சின்னஞ்சிறு பூச்சி. பனிக்காலத்தில்கூட வெளிவரும். ஜனவரியில் மீன் மேலே எழும்பினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பூச்சியின் கட்டங்கள்: இங்கேதான் மீன் பிடிபடுகிறது

மேஃப்ளையை வைத்துச் சொல்கிறேன், அதுதான் தெளிவாகப் புரியும். ஆற்றடியில் இருக்கும் இளம்பருவத்துக்கு நிம்ஃப் என்று பெயர். நேரம் வந்ததும் அது மேலே நீந்தி வரும். தண்ணீரின் மேல் தோலை உள்ளிருந்து முட்டித் தோலுரிக்கும்போது அதை எமர்ஜர் என்பார்கள். பாதி உடல் பழைய தோலுக்குள், பாதி வெளியே. நீந்தவும் முடியாது, பறக்கவும் முடியாது. மீனுக்கு இதைவிடச் சுலபமான தீனி கிடையாது. தோலுரித்து முடித்து, சிறகு காயும்வரை மிதந்து வருவது டன். மங்கலான, ஒளி ஊடுருவாத சிறகு அதன் அடையாளம். டன் பறந்து கரை மரத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இன்னொரு தடவை தோலுரிக்கும். சிறகு முளைத்த பின்னும் தோலுரிப்பது பூச்சி உலகத்திலேயே மேஃப்ளைக்கு மட்டும் உள்ள வழக்கம். அதன் பின் சிறகு கண்ணாடியாகத் தெளிந்துவிடும், அதுதான் ஸ்பின்னர். ஸ்பின்னர்கள் ஆற்றின் மேல் கூட்டமாக ஏறி இறங்கி இணைசேர்ந்து, முட்டையிட்டு, சிறகை விரித்தபடி தண்ணீரில் விழுந்து சாகும்.

ஆக ஒரே பூச்சி, மீன் கண்ணுக்கு நாலு வேறு வேறு தீனி. தொடக்கத்தில் சொன்ன பிற்பகலில் டன்கள் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், ஆகவே டன் மாதிரி ஃப்ளை கட்டுவோம். மீன்களில் பாதி அப்போது தோலில் சிக்கிய எமர்ஜரைத் தின்றுகொண்டிருக்கும். பெரியவர் கட்டியிருந்தது அனேகமாக அதைத்தான்.

காடிஸின் கதை கொஞ்சம் வேறு. புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று மூன்று கட்டம். புழுக்களில் பல வகை மணலையும் குச்சியையும் பட்டு நூலால் ஒட்டித் தங்களுக்குக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுப்புழு முதிர்ந்ததும் விரைவாக மேலே நீந்தி, தோலுரித்த கையோடு பறந்துவிடும். மிதந்து காயும் நேரம் அதிகம் இல்லாததால் மீன் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் தெறிக்க மீன் பாய்ந்தால் காடிஸ் என்று யோசிப்பது இதனால்தான்.

கல்லைப் புரட்டுங்கள்

ஆற்றுக்குப் போனதும் கோலைப் பொருத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. முழங்கால் ஆழத்தில், தண்ணீர் சலசலத்து ஓடுகிற இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கல்லை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐஸ்க்ரீம் டப்பாவின் வெள்ளை மூடி ஒன்று கையில் இருக்கட்டும். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பூச்சியைப் போட்டால் தெளிவாகத் தெரியும்.

முதல் இரண்டு விநாடி ஒன்றும் இல்லாதது போல இருக்கும். அப்புறம் கல்லே அசைகிற மாதிரி ஏதோ நகரும். தட்டையான உடலோடு, கால்களை அகட்டி, நண்டு நடை நடந்து கல்லின் மறுபக்கம் ஓடப் பார்ப்பது வேக நீரில் கல்லை ஒட்டி வாழும் மேஃப்ளை நிம்ஃப். அதன் வயிற்றின் இரு ஓரத்திலும் செவுள்கள் மெல்லிய இதழ்களாகப் படபடக்கும். வயிற்றில் செவுள் இல்லாமல், இரண்டு வாலோடு, ஒவ்வொரு காலிலும் இரட்டை நகத்தோடு இருந்தால் ஸ்டோன்ஃப்ளை. மேஃப்ளைக்குக் காலுக்கு ஒரு நகம்தான். வால் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு வால் மேஃப்ளைகளும் உண்டு. கல்லில் ஒட்டிய மணல் குழாய்கள், சின்னக் குச்சிக் கட்டுகள் எல்லாம் காடிஸ் வீடுகள். ஒன்றைப் பிடுங்காமல் கொஞ்ச நேரம் பார்த்தால் தலை வெளியே வரும்.

இனி முக்கியமான அடையாளம். நிம்ஃபின் தோளுக்குப் பின்னால் சிறகு வளரும் மொட்டு இரண்டு இருக்கும். அது உடலின் அதே பழுப்பில் இருந்தால் இன்னும் நாளாகும். கன்னங்கரேலென்று, புடைத்து நின்றால் அந்தப் பூச்சி இன்றோ நாளையோ மேலே வரப்போகிறது. நாலைந்து கல்லில் ஒரே வகை நிம்ஃபுக்கு மொட்டு கறுத்திருந்தால், பிற்பகலில் எது வெளிவரும் என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. எந்த மொபைல் ஆப்பும் இதைச் சொல்லாது.

பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்தில், எடுத்த பக்கமாகவே வையுங்கள். பூச்சிக்கு அதுதான் வீடு.

காலண்டர் ஒரு பக்கம், தெர்மாமீட்டர் இன்னொரு பக்கம்

கடைகளில் ஹேட்ச் சார்ட் என்று ஓர் அட்டவணை கிடைக்கும். இந்தப் பூச்சி இந்த வாரம் என்று போட்டிருப்பார்கள். நம்பலாம், ஆனால் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்துவிட்டு நம்புங்கள். பூச்சி காலண்டர் பார்ப்பதில்லை. ஒரு சின்ன தெர்மாமீட்டரை நூலில் கட்டித் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் போதும். அமெரிக்காவில் எல்லாரும் ஃபாரன்ஹீட்டில் பேசுவதால் நானும் அதையே தருகிறேன்.

ஏப்ரல் நடுவில், பிற்பகலில் தண்ணீர் 50 டிகிரியைத் (10 செல்சியஸ்) தொடத் தொடங்கும்போது முதலில் வரும் பெரிய மேஃப்ளை க்வில் கார்டன். இந்தப் பகுதியில் வாழ்ந்து 1915இல் இறந்த தியடோர் கார்டன் கட்டிய ஃப்ளையின் பெயர்தான் பூச்சிக்கும் வந்துவிட்டது. இங்கிலாந்தின் ஃப்ளைகளை அமெரிக்க ஆற்றுக்கும் பூச்சிக்கும் தக்கபடி மாற்றியவர் அவர். இந்தப் பூச்சி ஆற்றடியிலேயே தோலை உரித்துவிட்டு, சிறகோடு மேலே வரும். அதனால் மிதக்கும் ஃப்ளையைவிடத் தண்ணீருக்குள் அமிழும் வெட் ஃப்ளை பல நாளில் நன்றாக வேலை செய்யும்.

அதை அடுத்து, ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் பாதிவரை ஹெண்ட்ரிக்சன். ஒரே ஒரு ஹேட்ச்சை மட்டும் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். நேரம் தவறாத பூச்சி: பெரும்பாலும் பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் வரும், காலையில் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். முள் அளவு 12 அல்லது 14. எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண் பூச்சிக்கு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு உடல். ஆணுக்குச் செங்கல் நிறத்தில் பெரிய கண்கள், உடல் கொஞ்சம் சிவந்த பழுப்பு. ஆணுக்கென்றே ரெட் க்வில் என்று தனி ஃப்ளை கட்டுகிறார்கள். ஹெண்ட்ரிக்சன் ஃப்ளையை 1916இல் பீவர்கில் கரையில் கட்டியவர் ராய் ஸ்டீன்ராட். உடன் மீன் பிடிக்க வந்த நண்பரின் பெயரை அதற்கு வைத்தார். குளிர் மேகம் போட்ட நாளில் டன்களுக்குச் சிறகு காயத் தாமதமாகும், நெடுநேரம் மிதக்கும். மோசமான வானிலை என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

மே நடுவில் மார்ச் பிரவுன். அளவில் பெரியது, ஆனால் கும்பலாக வராமல் நாள் முழுக்க ஒன்றிரண்டாக வரும். பிறகு மே கடைசியில், ஜூனில், சாயங்காலங்களில் மஞ்சள் நிற சல்ஃபர், முள் அளவு 16. அதே சமயத்தில் க்ரீன் டிரேக். முள் அளவு 8, 10 என்று போகும் பெரிய பூச்சி. ஆற்றடி வண்டலில் குழி தோண்டி வாழ்வது. இது வரும் வாரத்தில் ராஸ்கோ, ஹான்காக் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. என்னைக் கேட்டால் புதியவர் அந்தக் கூட்டத்தில் போய் நிற்பதைவிட, இரண்டு வாரம் கழித்து ஆளில்லாத கரையில் சல்ஃபருக்கு நிற்பது மேல்.

ஜூனிலிருந்து செப்டம்பர் தாண்டியும் ஐசோனிகியா வரும். வேகமாக நீந்தும் நிம்ஃப் இது. ஜூலை, ஆகஸ்டு காலைகளில் ட்ரைகோ. முள் அளவு 22, 24 என்பதால் டிப்பெட் எனப்படும் மெல்லிய நுனி நரம்பைக் கோர்ப்பதே கண்ணுக்கு ஒரு சோதனை. மழைத்தூறல், மேகமூட்டம் உள்ள நாட்களில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ப்ளூ விங்ட் ஆலிவ் வரும். காடிஸ் வகைகள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி இவற்றுக்கிடையில் வந்துகொண்டே இருக்கும். ஆகஸ்டு கடைசியில் பறக்கும் எறும்பு தண்ணீரில் விழும் நாள் ஒன்றிரண்டு உண்டு. அது தண்ணீர்ப் பூச்சி இல்லை, ஆனால் மீன்களுக்கு அன்று வேறெதுவும் கண்ணில் படாது. பெட்டியில் ஓர் எறும்பு எப்போதும் இருக்கட்டும்.

டெலவேரின் இரு கிளைகளிலும் கணக்கு கொஞ்சம் மாறும். மேற்குக் கிளையில் கேனன்ஸ்வில், கிழக்குக் கிளையில் பெபாக்டன் என்று நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அணையின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வெளியே விடுவதால் அணைக்குக் கீழே வசந்தம் தாமதமாக வரும், பூச்சிகளும் தாமதமாக வரும். பீவர்கில்லில் ஹெண்ட்ரிக்சன் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் மேற்குக் கிளையில் இன்னும் பாக்கி இருக்கக்கூடும். அங்கே சல்ஃபர் ஜூலையிலும், அதுவும் பட்டப்பகலில் வரும்.

வீட்டிலிருந்தே பார்ப்பதற்கு யுஎஸ்ஜிஎஸ் என்ற அரசு அமைப்பின் நீர் அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. பீவர்கில்லுக்குக் குக்ஸ் ஃபால்ஸ் நிலையத்தைப் பாருங்கள். விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதில் ஏறுமுகமா இறங்குமுகமா என்று கவனியுங்கள். மழைக்குப் பிறகு எண் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தால் அன்று போக வேண்டாம். ஆற்றில் இறங்கி நிற்கிற விளையாட்டில் வீராப்பு ஆகாது.

கரையில் முதல் இருபது நிமிடம்

மீன் எழும்புவதைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் உட்காருங்கள்.

மூன்று இடத்தைப் பாருங்கள். காற்றில் என்ன பறக்கிறது, எந்தத் திசையில்? ஆற்றின் மேல் ஒரே இடத்தில் ஏறி இறங்கி ஆடினால் ஸ்பின்னர் கூட்டம். தண்ணீரிலிருந்து கிளம்பி மரத்துக்குப் போனால் டன். அடுத்து கரைச் செடி, பாலத்தின் அடிப்பகுதி, சிலந்தி வலை. நேற்று என்ன வந்தது என்று சிலந்தி வலை சொல்லிவிடும். கடைசியாகத் தண்ணீர்ப் பரப்பு. இதற்கு மீன் தொட்டிக் கடையில் விற்கும் சின்ன வலை ஒன்று போதும். நீரோட்டத்துக்கு எதிராக, பாதி தண்ணீருக்குள் பாதி மேலே இருக்குமாறு ஒரு நிமிடம் பிடியுங்கள். வலையில் சிக்குவது வெற்றுத் தோலா, தோலில் மாட்டிய பூச்சியா, நிமிர்ந்த சிறகா, விரித்த சிறகா? விடை கையில் இருக்கிறது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பெரிய மார்ச் பிரவுன் ஒன்று மிதந்து போவது கண்ணில் படும். அதே சமயம் அதைவிடச் சிறிய சல்ஃபரோ ஆலிவோ பத்து மடங்கு எண்ணிக்கையில் வந்துகொண்டிருக்கும், நமக்குத் தெரியாது. மீன் சின்னதைத்தான் தின்னும். பெரிய பூச்சி ஒன்றைக் குறிவைத்து அது மிதந்து மீனைக் கடக்கும்வரை பின்தொடர்ந்து பாருங்கள். மீன் அதைத் தொடாமல் விட்டுவிட்டு அடுத்த விநாடி வேறெதற்கோ வாய் திறந்தால், குறி தவறு என்று தெரிந்துகொள்ளலாம்.

மீன் எழும்பும் விதம்

மூக்கு தண்ணீருக்கு மேலே தெரிந்து, வளையத்தில் ஒரு காற்றுக்குமிழி மிஞ்சினால் மிதக்கும் பூச்சியைத் தின்கிறது. மேலே வாய் திறந்து காற்றையும் சேர்த்து விழுங்கியதால் வந்த குமிழி அது. முதுகுத் துடுப்பும் வாலும் மட்டும் புரண்டு, மூக்கு தெரியாமல், குமிழியும் இல்லாமல் போனால் எமர்ஜர். நிறையப் பேர் ஏமாறுவது இங்கே. தெறிப்போடு பாய்ந்தால் பெரும்பாலும் காடிஸ். இருட்டும் நேரத்தில், மழைத்துளி விழுந்த அளவுக்குச் சின்ன வளையம், சத்தமே இல்லாமல், சீரான இடைவெளியில் வந்தால் ஸ்பின்னர். சின்ன வளையம் என்றால் சின்ன மீன் என்று நினைக்காதீர்கள். செத்து மிதப்பது எங்கும் ஓடிவிடாது என்று தெரிந்த பெரிய மீன்தான் அப்படி நிதானமாக உறிஞ்சும்.

அதனால் இருட்டியதும் முதலில் கிளம்புகிறவர் நீங்களாக இருக்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டும் போக வேண்டாம். நெற்றி விளக்கு, ஊன்றுகோல் இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரைப் புல்லில் உண்ணி உண்டு, லைம் நோயைப் பரப்புவது. திரும்பியதும் உடம்பைச் சோதித்துப் பாருங்கள்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

முதலில் அளவு, அடுத்து மிதக்கும் தோரணை, கடைசியாக நிறம். இந்த வரிசையில் தேர்ந்தெடுங்கள். பலர் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். மீன் கீழிருந்து, வானத்தின் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்கிறது. அளவும் நிழல் வடிவமும் முதலில் தெரியும்.

பொதுவான மேஃப்ளைக்கு பாராஷூட் ஆடம்ஸ், 12 முதல் 18 வரை. மூல ஆடம்ஸ் 1922இல் மிச்சிகனில் கட்டப்பட்டது; எந்தப் பூச்சிக்கும் அச்சு அசல் இல்லை, ஆனால் பல பூச்சிக்கும் போதுமான அளவு பொருந்தும். காடிஸுக்கு எல்க் ஹேர் காடிஸ், 14, 16. நிம்ஃபுக்கு ஃபெசண்ட் டெயில். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் செம்புக் கம்பியும் கோழியினப் பறவையின் வால் இறகும் மட்டும் வைத்துக் கட்டியது, இன்றுவரை மாற்று இல்லை. ஸ்பின்னருக்கு ரஸ்டி ஸ்பின்னர், 12, 14, 16, 18. எமர்ஜருக்குப் பழுப்பு 14, மஞ்சள் 16, ஆலிவ் 18 என்று மூன்று. இவ்வளவுதான் முதல் ஆண்டுக்கு. அவசரத்துக்கு எமர்ஜர் இல்லையென்றால் ஆடம்ஸின் அடிப்பக்க இழைகளைக் கத்திரியால் வெட்டிவிடுங்கள், தண்ணீரோடு தாழ்ந்து மிதக்கும்.

ராஸ்கோவில் ஃப்ளை கடைகள் இருக்கின்றன. அன்று காலை எதற்கு மீன் எழும்பியது என்று கேட்டால் சொல்வார்கள். கேட்டதற்கு மரியாதையாக நாலு ஃப்ளையை அங்கேயே வாங்குங்கள்.

ஃப்ளையை இறக்குவது

சரியான ஃப்ளை கட்டியும் மீன் எடுக்கவில்லை என்றால், ஃப்ளையை மாற்றுவதற்கு முன் அது எப்படி மிதக்கிறது என்று பாருங்கள். நிஜப் பூச்சி நீரோட்டத்தின் வேகத்திலேயே வரும். நம் நரம்பு வேறு வேகத்து நீரில் கிடந்தால் ஃப்ளையை இழுத்துக்கொண்டு போகும். ஒரு விரற்கடை இழுத்தாலும் மீன் ஒதுங்கிவிடும். நுனி டிப்பெட்டை நீளமாக வையுங்கள், வீசும்போது கொஞ்சம் தளர்வாக விழட்டும்.

இன்னொன்று: வளையம் தெரிந்த இடத்தில் மீன் இல்லை. பூச்சியைப் பார்த்ததும் நீரோட்டத்தோடு பின்னால் நகர்ந்தபடியே எழும்பி, தின்றுவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பும். ஆகவே வளையத்தின் மேல் போடாமல், நீரோட்டம் வரும் பக்கமாக மூன்று நாலு அடி தள்ளி இறக்குங்கள். ஒரு மீனைத் தேர்ந்தெடுத்து அதன் தாளம் பிடிபடும்வரை பாருங்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை எழும்புகிறதென்றால் அந்தப் பத்தாவது விநாடியில் உங்கள் ஃப்ளை அங்கே இருக்க வேண்டும். பார்க்கிற மீனுக்கெல்லாம் மாறி மாறி வீசினால் எதுவும் கிடைக்காது.

விட வேண்டிய நாள், விட வேண்டிய மீன்

நம் ஆட்கள் முதலில் கேட்கிற கேள்விக்கு வருகிறேன்: பிடித்ததைச் சமைக்கலாமா? நியூயார்க்கில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள யாருக்கும் மீன்பிடி உரிமம் கட்டாயம். பீவர்கில், வில்லோவீமாக் இரண்டிலும் சில பகுதிகள் செயற்கைத் தூண்டிலுக்கு மட்டும், பிடித்ததை விட்டே ஆக வேண்டும். மற்ற இடங்களில் எத்தனை, எந்த அளவு என்ற விதி ஆற்றுக்கு ஆறு மாறும். மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் அன்றைய விதியைப் பார்த்துவிட்டுப் போங்கள். நான் விட்டுவிடுவதுதான் வழக்கம், மீன் குழம்புக்கு எடிசனில் கடை இருக்கிறது.

கோடையில் தண்ணீர் 68 டிகிரியைத் (20 செல்சியஸ்) தாண்டினால் ட்ரவுட்டுக்கு மூச்சுத் திணறும். அப்போது பிடித்து விட்டாலும் செத்துப்போகலாம். ஜூலைப் பிற்பகலில் பீவர்கில் சுலபமாக அந்த எண்ணைத் தாண்டும். அன்றைக்கு அணைக்குக் கீழுள்ள குளிர்ந்த பகுதிக்குப் போங்கள், அல்லது கோலைக் காரிலேயே வைத்துவிட்டுக் கல்லைப் புரட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் நாலு வரி குறித்து வைப்பது நல்லது: தேதி, நேரம், தண்ணீர் வெப்பம், மேகமா வெயிலா, எந்தக் கட்டத்து ஃப்ளைக்கு மீன் எடுத்தது. இரண்டு மூன்று வசந்தம் போனால் கடையின் அட்டவணையைவிட உங்கள் நோட்டு அந்த ஆற்றுக்குப் பொருத்தமாக இருக்கும்.

வீடு திரும்பியதும் பூட்ஸையும், ஆற்றில் இறங்கப் போட்டுக்கொள்ளும் நீர்புகாக் கால்சட்டையான வேடரையும் கழுவி முழுதாகக் காயவையுங்கள். டிடிமோ என்ற பாசி டெலவேர் கிளைகளில் பரவியிருக்கிறது. ஈரமான பூட்ஸில் ஒட்டி அடுத்த ஆற்றுக்குப் போனால் அங்கே கற்களைப் போர்வையாக மூடி, பூச்சிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுநாளே வேறு ஆற்றுக்குப் போகிற திட்டம் இருந்தால் இன்னொரு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.